கூடை இறக்கக் கூடாது

ஃப்ளாட் என்ற வார்த்தை மந்தைவெளிக்குப் புதிதாக வந்திருந்த காலத்தில் நாங்கள் ஒன்று வாங்கினோம். அறுபதுகள் முடிகிற சமயம். ஒரு பழைய பங்களாவை இடித்துவிட்டு, அந்த மனையில் தளத்துக்கு இரண்டாக எட்டு வீடுகள் கட்டியிருந்தார்கள். எங்களுடையது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. திருவல்லிக்கேணியிலிருந்து என் பெரியப்பா வந்து சுற்றிப் பார்த்தார். "நிலம் யாருக்குடா?" என்று கேட்டார். எட்டுப் பேருக்கும் பொது என்றேன். "அப்போ உனக்குன்னு என்ன இருக்கு?" என்றார். நான் யோசித்து, "தரைக்கும் கூரைக்கும் நடுவில இருக்கறது" என்றேன். "காத்தை விலை கொடுத்து வாங்கியிருக்கே" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்து முடித்துக் கிளம்பினார்.

அந்தக் காற்றை என் மனைவியின் பேரில்தான் வாங்கினேன். அதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. லஸ்ஸுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஜோசியர் என் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, "நாலாமிடம் உங்களுக்குச் சுத்தமா சரியில்லை. உங்க பேர்ல வீடு வாங்கினா நிலைக்காது. ஆத்துக்காரி ஜாதகத்துல பேஷா இருக்கு, அவா பேர்ல முடிச்சுடுங்கோ" என்றார். ஆக, பணம் என்னுடையது, கடன் என்னுடையது, யோகம் அவளுடையது. பதிவு அலுவலகத்தில் நான் காட்டின இடத்தில் எல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து இளநீர் குடித்தோம். வீடு அவள் பேரில் இருக்கிறது என்பதை நான் அந்த இளநீரோடு மறந்துவிட்டேன்.

குடிவந்த சில மாதங்களில், எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு சங்கம் வேண்டும் என்று பேச்சு வந்தது. மோட்டாருக்கு மின்சாரக் கட்டணம், வாட்ச்மேன் சம்பளம், மாடிப்படி விளக்கு, இவற்றுக்கெல்லாம் மாதச் சந்தா வசூலிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. முதல் மாடியில் இருந்தவர் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது காரணமாக அவரைத் தலைவராக்கினார்கள். செயலாளர் யார் என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். தணிக்கை இலாகாவில் உத்தியோகம் எனக்கு. மற்றவர்கள் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்க மாதச் சம்பளம் வாங்குகிறவன். அதையே சம்பளம் இல்லாமல் வீட்டிலும் செய்யலாம் என்றதும் என்னால் மறுக்க முடியவில்லை.

உடனே விதிகள் எழுத உட்கார்ந்தேன். சந்தா எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்டவேண்டும், தாமதமானால் எவ்வளவு அபராதம் என்பதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆட்டுக்கல்லில் மாவரைக்கக் கூடாது என்று எழுதினேன். மொட்டைமாடியில் வடாம் காயவைக்க ஒவ்வொரு வீட்டுக்கும் நாள் ஒதுக்கினேன். விருந்தாளி பதினைந்து நாளுக்கு மேல் தங்கினால் தண்ணீருக்குத் தனிக் கட்டணம் என்று போட்டேன். இந்த விதியால் இரண்டாவது மாடியில் ஒருவருடைய மாமியார் பதினாலாம் நாள் காலையில் கும்பகோணத்துக்குக் கிளம்பிப் போனார். அந்த வீட்டு மாப்பிள்ளை யாருக்கும் தெரியாமல் எனக்கு ஒரு பொட்டலம் அல்வா கொடுத்தார். விதிகளால் உலகத்துக்கு நன்மை உண்டு என்று நான் நம்பியதற்கு அந்த அல்வாவும் ஒரு காரணம்.

கூட்டம் நடத்துவதற்கும் விதி எழுதினேன். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு வாரம் முன்னதாக எழுத்து மூலம் நோட்டீஸ் தரவேண்டும், ஒரே ஒருவருக்குத் தராமல் விட்டாலும் அந்தக் கூட்டம் செல்லாது. இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. கார்பன் வைத்து அழுத்தி எழுதி, ஏழு வீட்டுக் கதவையும் தட்டிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் மேலே வருவேன். ஏழாவது காகிதத்தில் எழுத்து மங்கிப் போயிருக்கும். அந்தப் பிரதி எப்போதும் தரைத்தளத்து மாமிக்குப் போகும். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்களே வாயால சொல்லிடுங்கோ" என்பார்.

விதிகளை டைப் அடிக்கச் சொல்லி, கண்ணாடிச் சட்டம் போட்டு, கீழே மாடிப்படி முடிகிற இடத்தில் எதிர்ச் சுவரில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். காலையில் ஆபீஸ் போகிறவர்கள் பிள்ளையாருக்குக் குட்டிக்கொண்டு போவார்கள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் என் விதிகளுக்குக் குட்டிக்கொள்வது மாதிரி இருக்கும். நான் சற்றுத் தள்ளியே நின்று பார்ப்பேன்.

என் மனைவியிடம் ஒரு மூங்கில் கூடை இருந்தது. அதன் பிடியில் நீளமான தேங்காய்நார்க் கயிறு. காலையில் தெருவில் கீரைக்காரி குரல் கொடுத்தால், இவள் கூடையில் காசைப் போட்டுப் பால்கனியிலிருந்து இறக்குவாள். கீரை மேலே வரும். இரண்டு பேரும் மூன்று மாடி தூரத்தில் நின்றுகொண்டு ஊர்க்கதை வேறு பேசிக்கொள்வார்கள். ஒரு நாள் கூடை ஏறுகிறபோது சாய்ந்து, அதிலிருந்த முருங்கைக்காய்க் கட்டு கீழே நடந்துகொண்டிருந்த சிரஸ்தாரின் தோளில் விழுந்தது. அவர் சத்தம் போடவில்லை. கட்டை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து, "இது உங்காத்து முருங்கைக்காயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கொடுத்துவிட்டுப் போனார்.

செயலாளர் வீடு என்பதால் சலுகை காட்டிவிட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. அடுத்த கூட்டத்திலேயே நான் எழுந்து, பால்கனிகளிலிருந்து கூடை இறக்கக் கூடாது என்று ஒரு விதியை முன்மொழிந்தேன். எல்லாரும் என்னை நியாயஸ்தன் என்றார்கள். அந்த வார்த்தையைக் கையோடு மேலே எடுத்துக்கொண்டு போய் மனைவியிடம் சொன்னேன். அவள் "சரி" என்றாள். கூடையைக் கயிற்றோடு சுருட்டிப் பரண்மேல் வைத்தாள். மறுநாள் முதல் கீரை வாங்க மூன்று மாடி இறங்கி, மூன்று மாடி ஏறினாள்.

கீரைக்காரிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. நான் ஆபீஸ் கிளம்புகிறபோது வாசலில் மடக்கினாள்.

"இன்னா சார், அம்மா தெனம் ஏறி எறங்கிக்கினு கீறாங்க. கூடை எறக்குனா இன்னா ஆயிடப் போவுது?"

"ரூல் இருக்கும்மா."

"ரூலு யாரு போட்டது?"

"நான்தான்."

"அப்ப நீயே எடுத்துடு நைனா."

ஒருவன் போட்ட விதியை அவனே எடுத்துவிட முடியாது என்றும், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வேண்டும் என்றும் அவளுக்கு விளக்கினேன். முழுவதையும் கேட்டாள். பிறகு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள்.

அதற்குள் தண்ணீர்க் கஷ்டமும் வந்துவிட்டது. எழுபதுகளில் மெட்ராஸில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை பிறந்தால் மூன்றாவது மாடிக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். பெரியப்பா சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கீழே இருந்த அடிபம்பில் அடித்து என் மனைவி இடுப்பில் குடத்தோடு ஏறுவாள். எங்களுக்கு ஒரே பெண், கல்யாணமாகி ஜாம்ஷெட்பூர் போய்விட்டாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குடம் தூக்கிவிட்டு, திங்கட்கிழமை ஆபீஸில் இடுப்புவலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன்.

வீடு விற்பதைப் பற்றிய விதி ஒன்று உண்டு. என் படைப்புகளிலேயே அதுதான் உயர்ந்தது என்று நினைத்திருந்தேன். இரண்டாவது மாடியில் ஒரு வீடு கைமாறியபோது, வாங்கியவர் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர், மாதக்கணக்கில் திரும்பி வரவில்லை. சந்தா கேட்டால், "நான் இன்னும் குடியே வரலையே சார், பால்தானே காய்ச்சினேன்" என்றார். விற்றவரைக் கேட்டால், "பால் காய்ச்சியாச்சு, இனிமே அவர் பாடு" என்றார். இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். சந்தாதான் அந்தரத்தில் நின்றது. நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பன்னிரண்டாவது விதியை எழுதினேன். பால் பொங்கிய நாளே குடிபுகுந்த நாள். அன்று முதல் வாங்கியவரே அந்த வீட்டுக்காரர். விற்கிறவர், வாங்குகிறவரை முன்கூட்டியே பொதுக்குழு முன் நிறுத்தி, ஆட்சேபணை இல்லை என்று சங்கத்தின் கடிதம் பெறவேண்டும். இருவரும் மாற்றுக் கட்டணம் கட்டவேண்டும். கடிதம் பெறாமல் பால் காய்ச்சினால், கடிதம் மூன்று மாதத்துக்கு நிறுத்திவைக்கப்படும். இந்தக் கடைசி வரிக்கு அவசியமே இல்லை. தாளில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது.

நாலைந்து வருஷம் போயிற்று. என் மனைவியின் முழங்கால்கள் வீங்க ஆரம்பித்தன. முதலில் தைலம், பிறகு ஒத்தடம், பிறகு டாக்டர். அவர் முட்டியை அமுக்கிப் பார்த்தார், எந்த மாடி என்று கேட்டார். "இன்னும் ஒரு வருஷம் இப்படிப் படி ஏறினாங்கன்னா, அப்புறம் நடக்கறதே கஷ்டமாயிடும் சார். தரைவீடாப் பாருங்க" என்றார். அன்றைக்குத் திரும்பி வந்து மூன்று மாடி ஏற அவளுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை நான் அன்றுதான் கவனித்தேன்.

அடையாறில் ஒரு சின்னத் தரைவீடு கிடைத்தது. இரண்டு அறை, கூடம், பின்னால் கிணறு. வீட்டுக்காரர் பம்பாயில் இருக்கிற மகனோடு போய்ச் சேரப் போகிறவர். முன்பணம் வாங்கிக்கொண்டார். மீதியை ஆடி முடிவதற்குள் தந்துவிடவேண்டும், இல்லையென்றால் ரொக்கத்தோடு காத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். என் மனைவி உள்ளே போய்ப் பார்த்தாள். கூடத்திலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து கிணற்றடிக்கும், திரும்பக் கூடத்துக்கும் நடந்தாள். எந்தச் சுவரையும் பிடித்துக்கொள்ளவில்லை. "இங்க படியே இல்லையேன்னா" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பொருளை வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. ஆனால் அந்த வீடு அவளுக்கு வேண்டும் என்பது பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

எங்கள் வீட்டை வாங்க ஓர் அண்ணாச்சி வந்தார். திருநெல்வேலிப் பக்கம், தி.நகரில் ஜவுளிக்கடை. நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். அது பெருமூச்சு விட்டது.

"தண்ணி வராதோ?"

"காலையில வரும்."

"என்னிக்குக் காலையில?"

அவர் விலையைக் குறைத்தார். நான் சம்மதித்தேன். அப்போது ஆனி மாசம் முடியப் போகிற நேரம். "சார், ஆடி பொறந்துட்டா எங்க வீட்டுல ஒண்ணும் செய்ய மாட்டாங்க. வார வெள்ளிக்கிழமை நல்ல நாளாருக்கு. பாலை மட்டும் காய்ச்சி வச்சிருதோம். சாமானெல்லாம் ஆவணில வரட்டும். நீங்க அதுவரைக்கும் இங்கயே இருங்க" என்றார். பால் காய்ச்சிவிட்டால் வியாபாரம் முறியாது என்ற சந்தோஷத்தில் நான் தாராளமாகத் தலையாட்டினேன். சங்கத்துக் கடிதமா? அதை எழுதுகிறவனே நான்தானே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் போட்டு எழுதிக்கொண்டால் போகிறது என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணாச்சியின் மனைவி புதுப் பாத்திரத்தில் எங்கள் சமையலறையில் பால் காய்ச்சினார். கிழக்குப் பக்கமாகப் பொங்கிற்று. எல்லா வீட்டுக்கும் டம்ளரில் கொடுத்தார்கள். தரைத்தளத்து மாமி மேலேயே வந்திருந்தார். பாதிப் பாலைக் குடித்துவிட்டு, ரொம்ப சாதாரணமாக, "செகரெட்டரி சார், லெட்டர் கொடுத்தாச்சோ?" என்றார். நான் என் டம்ளரைக் கீழே வைத்தேன்.

அன்று சாயங்காலமே சிரஸ்தார் வந்தார். கையில் விதிகளின் பிரதி. "பன்னிரண்டு" என்றார். உட்கார்ந்தார். "ரொம்ப அழகா எழுதியிருக்கேள். ஒரு ஓட்டை கிடையாது. நானும் மத்தியானத்துலேர்ந்து தேடறேன்" என்றார். அவர் நிஜமாகவே எனக்காகத் தேடியிருக்கிறார் என்பதுதான் பயமாக இருந்தது. மூன்று மாதம் என்றால் புரட்டாசிக் கடைசி. ஆடி முடிந்ததும் அடையாறு வீடு போய்விடும்.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். கடையில் புடவைகளை மடித்துக்கொண்டே கேட்டார். "எனக்கு நீங்க சொன்னாப் போதும் சார். ஆனா நாளைக்கு மத்த வீட்டுக்காரங்க வாசல்ல வந்து நின்னுரக் கூடாது பாருங்க. லெட்டரைக் குடுங்க, அன்னிக்கே மிச்சப் பணம். குடுக்கிறதுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன, பால்தான் பொங்கியாச்சே" என்றார். பால் பொங்கியாச்சு என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. என் விதிப்படி வெள்ளிக்கிழமை முதல் அவர்கள்தான் அந்த வீட்டுக்காரர்கள். அங்கே படுத்து எழுந்துகொண்டிருந்த நானும் என் மனைவியும் விருந்தாளிகள். பதினைந்து நாள் தாண்டினால் தண்ணீர்க் கட்டணம். குழாயில் தண்ணீர் வராத வீட்டில் தண்ணீர்க் கட்டணம் கட்டி விருந்தாளியாக இருக்கப் போகிற பெருமை எனக்கு.

விதிவிலக்கு கேட்டு அவசரப் பொதுக்குழு கூட்டினேன். வழக்கம்போலக் கார்பன் வைத்து எழுதி, ஏழு வீட்டிலும் கையெழுத்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் முடிந்ததும், மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த கார் ஷெட்டில் நாற்காலிகள் போட்டு உட்கார்ந்தோம். சிரஸ்தார் என்னையே பன்னிரண்டாவது விதியை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கடைசி வரி வந்ததும் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "கொஞ்சம் உரக்க" என்று யாரோ சொன்னார்கள்.

என் மனைவியின் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. மாமி மட்டும், "எனக்கு அன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் மொட்டைமாடி அதிகமா வேணும்னேன். பாதி காஞ்ச வடாமை நீங்களே துணியோட சுருட்டிக் கீழ கொண்டுவந்து வெச்சேள். விதின்னா விதின்னேள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நினைவுபடுத்தினார், அவ்வளவுதான். அல்வா கொடுத்த மாப்பிள்ளை எனக்காக வாயைத் திறந்தார். ஒரு தடவை விலக்குக் கொடுத்தால் அப்புறம் எல்லாரும் கேட்பார்கள் என்று சிரஸ்தார் சொன்னதும் மூடிக்கொண்டார். அதுவும் நான் சொல்லிச் சொல்லி அவர் மனப்பாடம் செய்த வாக்கியம்தான். "என்ன பண்றது, ரூல் இருக்கே" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் அவர்களை அப்படிப் பழக்கி வைத்திருந்தேன்.

அப்போது மாடிப்படியில் சத்தம் கேட்டது. ஒரு கால் இறங்கி, இன்னொரு கால் அதோடு சேர்ந்து, கொஞ்சம் நின்று, மறுபடி ஒரு கால். அந்தச் சத்தத்தை எட்டு வீட்டுக்கும் தெரியும். பேச்சு நின்றுவிட்டது. மூன்று மாடியும் இறங்கி முடிக்க அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று. என் மனைவி கடைசிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

இப்போது நான் செய்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். எழுந்து நின்று, "கூட்டத்துல உறுப்பினர்கள் மட்டும்தான் பேசலாம்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று.

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். "வீடு யார் பேர்லன்னா இருக்கு?" என்று கேட்டாள்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "உன் பேர்லதான்" என்றேன்.

"அப்போ உறுப்பினர் நான்தானே. எனக்கு ஏன் நோட்டீஸ் வரலை?"

நான் நோட்டீசுக்குக் கையெழுத்து வாங்கிய தாளைப் புரட்டினேன். ஏழு கையெழுத்துதான் இருந்தது.

"இந்தக் கூட்டத்துக்கு மட்டுமில்லை. இத்தனை வருஷத்துல ஒரு கூட்டத்துக்கும் எனக்கு நோட்டீஸ் வந்ததில்லை. ஒருத்தருக்கு வராட்டாலும் கூட்டம் செல்லாதுன்னு அஞ்சாவது விதியில போட்டிருக்கே" என்றாள் சிரஸ்தாரைப் பார்த்து. "அதோட, உறுப்பினரா இருக்கறவாதான் செகரெட்டரியா இருக்கலாம்னு அடுத்ததுல போட்டிருக்கு."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தண்ணிக் குடத்தை இறக்கி வெச்சுட்டு தினம் இங்கதானே உட்கார்ந்துப்பேன், முட்டி வலி அடங்கற வரைக்கும். எதிர்ல அதுதானே மாட்டியிருக்கு. வேற என்னத்தைப் படிக்கறது?"

நான் சட்டம் போட்டு மாட்டியிருந்த விதிகளைப் பார்த்தேன். அந்தப் படியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. எட்டு வீட்டிலும் அதை முதலிலிருந்து கடைசிவரை படித்தவள் அவள் ஒருத்திதான். எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. நாற்காலியில் உட்காரலாமா, நின்றுகொண்டே இருக்கலாமா என்றுகூடத் தெரியவில்லை. உறுப்பினராக இல்லாதவன் உட்காருவதற்கு விதி ஏதும் எழுதி வைக்கவில்லை.

சிரஸ்தாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுக்கத் தேடிக் கிடைக்காதது கிடைத்த சந்தோஷம் அது. "அப்போ விதிகளை நிறைவேத்தின முதல் கூட்டமே செல்லாது. விதிகளே இல்லைன்னு ஆயிடறது. ஆனா விதிகளே இல்லைன்னா, நோட்டீஸ் தரணும்ங்கற அஞ்சாவது விதியும் இல்லை. அஞ்சாவது இல்லைன்னா முதல் கூட்டம் செல்லும். செல்லும்னா..." என்று விரலை மடக்கிக்கொண்டே போனார்.

"எப்படிச் சுத்தினாலும் இவர் செகரெட்டரி இல்லைன்னு ஆறதோல்லியோ?" என்றார் மாமி. "அது போறும். லெட்டரைக் கொடுங்கோ. அவளால படி ஏற முடியலை."

சிரஸ்தார் என் பக்கம் திரும்பி, "உங்க கையெழுத்து நன்னா இருக்கும். நீங்களே எழுதுங்கோ, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். நான் எழுதினேன். உறுப்பினர் பெயர் என்ற இடத்தில் முதல்முறையாக என் மனைவியின் பெயரை எழுதினேன். பேனா கொஞ்சம் நின்று நின்றுதான் போயிற்று.

விதியே இல்லை என்றான பிறகு மாற்றுக் கட்டணமும் கிடையாது. ஆனால் என் மனைவி கட்டுவதாகச் சொன்னாள். "மூணாவது மாடி வரைக்கும் தண்ணி ஏறற மாதிரி பெரிய மோட்டாரா போட்டுடுங்கோ. அண்ணாச்சி ஆத்து மாமியும் என் வயசுதான்" என்றாள். அண்ணாச்சியும் கேள்விப்பட்டுத் தன் பங்கைத் தந்தார். எத்தனையோ வருஷம் சந்தா வசூலித்த எனக்கு, ஒரு கட்டணத்தை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி வாங்கலாம் என்பது தோன்றியதே இல்லை.

ஆடி முடிவதற்குள் அடையாறுக்காரருக்கு மீதி போய்ச் சேர்ந்தது. ஆவணியில் நாங்கள் கிளம்புகிற அன்று மாமி மொட்டைமாடியை முழுக்க வடாமால் நிரப்பியிருந்தார். அவருக்கு ஒதுக்கிய நாள் அது இல்லை. மாடிப்படி எதிர்ச் சுவரில் பிள்ளையார் மட்டும் இருந்தார். பக்கத்தில் வெள்ளை மங்காத ஒரு சதுரம் தெரிந்தது. என் மனைவி சாமான் வண்டி ஏறுகிற வரைக்கும் அந்தக் கடைசிப் படியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அடையாறில் குடிபோன மறுநாள் காலையில் தெருவில் கீரைக்காரியின் குரல் கேட்டது. வேறு கீரைக்காரி, ஆனால் அதே குரல். என் மனைவி பரண் சாமான்களுக்குள் தேடி அந்த மூங்கில் கூடையை எடுத்தாள். கயிறு இன்னும் அதன் பிடியிலேயே கட்டியிருந்தது.

"தரைவீட்டுல கயிறு எதுக்கு? அவுத்துக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றாள். "இதைப் பார்த்தாத்தான் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

கயிறு தரையில் இழுபட, அவள் வாசலைத் தாண்டி கேட் வரைக்கும் நடந்தாள். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.